ஏப்ரல் கடைசியில் ராமேஸ்வரம் தீவை ஒரே பகலில் சைக்கிளில் சுற்ற முடியுமா?

கன்னங்குறிச்சி கியர்:

நாங்கள் மூன்று பேர். ஞாயிறு விடிகாலையில் ஏற்காடு அடிவாரம் வரை மிதித்துப் போய், தெம்பு இருந்தால் மேலே ஏறுவோம், இல்லாவிட்டால் அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம், அந்த வகைக் கூட்டம். இந்தத் தடவை மலை வேண்டாம், கடல் பார்க்கலாம் என்று பேச்சு கிளம்பி ராமேஸ்வரத்தில் வந்து நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் இரவுப் பேருந்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்கத் தீவைச் சுற்றிவிட்டு, அன்று இரவே கிளம்புவதாக யோசனை.

மேப்பில் பார்த்தால் தீவின் ஒரு கோடியில் இருக்கிற பாம்பனிலிருந்து மறுகோடி அரிச்சல்முனை வரைக்கும் 35 கிலோமீட்டர் பக்கம்தான் வருகிறது, ஒரு மேடுகூடக் கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா என்கிறான் கூட வருகிற ஒருத்தன். வெயிலைப் பற்றிக் கேட்டால் ‘சேலத்தில் 40 டிகிரியில் நிற்கிறோம், அங்கே 35 தாண்டாது, ஜாலியாக இருக்கும்’ என்று பதில். வீட்டில் அம்மாதான் அக்னி நட்சத்திரம் பொறக்கப் போகிற நேரத்தில் எவனாவது கடற்கரையில் போய் சைக்கிள் ஓட்டுவானா என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தப் பக்கம் முதலில், தண்ணீர் எவ்வளவு, சொந்த சைக்கிளா அங்கே வாடகைக்கா?

லூப் ரோடு:

எதற்குங்க இவ்வளவு தூரம்? ஏற்காடு லூப் ரோடு 32 கிலோமீட்டர், காபித் தோட்டத்துக்கு நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் பாதி வழிக்குக் குடை பிடிக்கும், நாகலூர் பக்கம் நின்று ஒரு காபி. அதையும் மே மாதத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள், கோடை விழா வந்துவிட்டால் கார்களுக்கு நடுவில்தான் மிதிக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கு மார்கழியில் போங்கள்.

தங்கச்சிமடத்து ஆள்:

அண்ணே, நான் பிறந்தது தங்கச்சிமடம், இப்போது குடியிருப்பது சேலம் இரும்பாலைப் பக்கம், ரெண்டு ஊர் வெயிலும் எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘சுற்றுவது’ என்பதை மறந்துவிடுங்கள். தீவைச் சுற்றிக் கரையோரமாக ரோடு கிடையாது. பாம்பனில் நுழைகிற தேசிய நெடுஞ்சாலை 87 தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று கிழக்கே போய், அங்கிருந்து தென்கிழக்கே திரும்பி தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனையில் கடலோடு முடிகிறது. மற்றதெல்லாம் கிளைச் சாலைகள்தான், வில்லூண்டி தீர்த்தத்துக்கு ஒன்று, கந்தமாதன பர்வதத்துக்கு ஒன்று, கோதண்டராமர் கோயிலுக்கு ஒன்று என்று. ஆகப் போன வழியிலேயேதான் திரும்பி வர வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ரெண்டு முனையையும் தொட்டுத் திரும்பினால் 70 கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும்.

தூரம் ஒரு பொருட்டில்லை, சரி. ஆனால் முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்கு நிற்க ஒரு மரம் கிடையாது. அந்த ரோடு 2017-இல்தான் திறந்தது, அதுவரை வேனும் ஜீப்பும் மணலில் உருண்டு போகும். ரெண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தார். மேலேயிருந்து அடிக்கிற வெயில் பத்தாதென்று கீழேயிருந்தும் மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கும். தொப்பி போட்டிருந்தும் தாடைக்குக் கீழே தோல் உரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. தென்மேற்குக் காற்று பிடிக்கிற காலத்தில் இந்தத் தனுஷ்கோடி ரோட்டில் அது எதிரிலும் வராது, பின்னாலும் தள்ளாது, பக்கவாட்டில் அறையும். போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டின் நடுவுக்கோ ஓரத்து மணலுக்கோ தள்ளிக்கொண்டே இருக்கும், மணல் ரோட்டின் மேலேயே திட்டுத் திட்டாகக் கிடக்கும், மெல்லிய டயர் அதில் ஏறினால் வழுக்கிவிடும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது, அப்படிப்பட்ட ஊர். ஏப்ரலில் அவ்வளவு இருக்காது, காலையில் அடங்கியே இருக்கும், உச்சி சாய்ந்ததும் கிளம்பும்.

அதனால் என் யோசனை: விடியும்போதே தனுஷ்கோடிப் பக்கம். சோதனைச் சாவடியில் காலையில் எப்போது விடுவார்கள் என்று முந்தின நாளே விசாரித்துக்கொண்டு, திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். 9.30-க்குள் ராமேஸ்வரம் ஊருக்குள் திரும்பியிருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையமும் தேவாலயமும் சுவராக நிற்கிற இடத்தில் மீனவர்கள் கடை போட்டிருப்பார்கள், மீன் வறுவல் கிடைக்கும், அதை மட்டும் நம்பித் தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது. வடக்கே இருப்பதை நாங்கள் பெண்கடல் என்போம், தெற்கே ஆண்கடல், ரெண்டும் முட்டுகிற இடம் அது, நீரோட்டம் இழுத்துவிடும்.

11-லிருந்து 3.30 வரை சைக்கிளைத் தொடாதீர்கள். லாட்ஜில் படுங்கள், அல்லது பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் இருக்கிறது. கோயில் பிரகாரம் குளுமையாக இருக்கும் என்று நினைத்துப் போனால் மதியம் நடை சாத்தியிருக்கும், அரைக்கால் சட்டையோடு விடவும் மாட்டார்கள், பையில் ஒரு வேட்டி இருக்கட்டும். பாம்பன் பக்கம் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழியெல்லாம் ஊரும் கடையும் நிழலும் உண்டு.

சைக்கிள் சொந்தமாகவே கொண்டுபோங்கள். அங்கே வாடகைக்கு ஸ்கூட்டர் எளிதாகக் கிடைக்கும், 70 கிலோமீட்டர் ஓட்டுகிற மாதிரி சைக்கிளை எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் ரோட்டை விட்டு இறங்கினால் உடைமுள்ளும் கருவேல முள்ளும் காத்துக்கொண்டிருக்கும், ஆளுக்கு ஒரு டியூப் கூடுதலாக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா:

தம்பி சொல்வது நல்ல திட்டம்தான், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பேருந்து எப்படியும் பாம்பன் வழியாகத்தானே போகிறது? அங்கேயே இறங்கிச் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு, 1988-இல் திறந்த ரோட்டுப் பாலத்துக்கு நடந்து போய்ப் பக்கத்தில் புது ரயில் பாலத்தை விடியலில் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ராமேஸ்வரம் 12 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை போய் வர 45. பாம்பன் பாதையை ரெண்டு தடவை மிதிக்கிற வேலை இல்லை. மேற்கே இருந்து கிழக்கே போவதால் காற்றும் பின்னாலிருந்து தள்ளும். சாயங்காலக் காற்றில் பாம்பனை நோக்கி மேற்கே மிதித்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஒரு மேடும் இல்லை என்கிறீர்களே, அங்கே மேடு காற்றுதான்.

தங்கச்சிமடத்து ஆள்:

சித்தப்பா, கணக்கு சரிதான். ஆனால் பாலத்தில் படம் எடுக்க ஆரம்பித்தால் இவர்கள் 7.30 வரை நகர மாட்டார்கள், மொட்டை ரோட்டுக்குள் நுழையும்போது 9 ஆகிவிடும். பேருந்து 4.30-க்குள் பாம்பன் வந்தால் நீங்கள் சொன்னபடி செய்யலாம். அதற்கு மேல் தாமதமானால் நேராக ராமேஸ்வரம் போய் என் வழி. இதைப் பேருந்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

வார்டு அக்கா:

நான் நர்ஸ், சேலத்தில்தான். அந்த ‘35 டிகிரி ஜாலி’ தம்பிக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். வியர்வை வருகிற வேகத்தில் காய்ந்துவிடுகிறது, அது காயும்போதுதான் உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தீவில் காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்பது சாதாரணம், அங்கே வியர்வை வழியுமே தவிரச் சீக்கிரம் காயாது. உடம்பு இன்னும் ஊற்றிக்கொண்டே இருக்கும், உப்பும் கூடவே போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். சேலத்தில் பழகிய உடம்பு என்பது ஓரளவுக்குத்தான் உதவும், புது வகை வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று ரெண்டு வாரம் வேண்டும், உங்களுக்கு இருப்பது ஒரு பகல்.

சித்தப்பா சொன்ன பின்காற்றிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நீங்கள் போகிற வேகமும் காற்று வீசுகிற வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பில் காற்றே படாது, சும்மா நிற்கிற மாதிரி புழுங்கும். கால் லேசாக இருக்கும், சூடு ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பாதைக்கு ஆளுக்கு 3 லிட்டராவது கையில் இருக்கட்டும், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீரையே குடங்குடமாகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே தலைச்சுற்றலும் வாந்தியும் கொண்டுவரும். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவை மீறி உப்புப் போடக் கூடாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருப்பவர் கூட வந்தால் அவர் தன் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்க வேண்டாம்.

தலைவலி, குமட்டல், தொடையில் பிடிப்பு வந்தால் அத்தோடு நிறுத்துங்கள், இன்னும் 3 கிலோமீட்டர்தானே என்று பேசக் கூடாது. ஒருத்தன் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாவிட்டாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்பத்தாக்கு, வியர்த்திருந்தாலும் சரி வியர்க்காவிட்டாலும் சரி. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அந்த ரோட்டில் நிழல் இல்லை என்பதால் வருகிற வேனையோ காரையோ மறித்து ஏற்றுவதற்குத் தயங்கவே கூடாது.

அஞ்சு ரோடு பட்டறை:

உடம்புக்கு அக்கா சொல்லிவிட்டார், சைக்கிளுக்கு நான். அந்தக் கடல் காற்றில் இரும்பு நிற்காது. 2025 ஏப்ரலில் திறந்தார்களே புது ரயில் பாலம், அதற்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், உங்கள் செயின் எம்மாத்திரம். போவதற்கு முன்னால் செயினில் எண்ணெய் விட்டுப் பழைய துணியால் மேலே இருப்பதைத் துடைத்தெடுத்துவிடுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பல்சக்கரத்தைத் தின்றுவிடும். திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய். நாளைக்குப் பார்க்கலாம் என்று மொட்டை மாடியில் சாத்தி வைத்துவிட்டு ரெண்டு வாரம் கழித்து செயினைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எனக்கு வாடிக்கை, அதனால் கேட்காவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

பேருந்தில் ஏற்ற முன்சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள், ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுங்கள், பெடலைக் கழற்றிப் பையில் போடுங்கள். செயின் பக்கம் மேலே இருக்கிற மாதிரி படுக்க வையுங்கள், கியர் அடிபட்டு வளைந்தால் ராமேஸ்வரத்தில் நிமிர்த்த ஆள் தேடி அலைய வேண்டும். சாக்கில் சுற்றியிருந்தால் கண்டக்டரும் லக்கேஜ் டிக்கெட்டோடு விட்டுவிடுவார், பெரும்பாலும்.

கன்னங்குறிச்சி கியர்:

எல்லாருக்கும் நன்றி. வார்டு அக்கா எழுதியதை அப்படியே எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஜாலி ஆள் அரைமணி நேரம் பேசவில்லை, அப்புறம் ‘சரி, 11 மணிக்கு லாட்ஜ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறான். பேருந்து வருகிற நேரத்தைப் பார்த்துப் பாம்பனா ராமேஸ்வரமா என்று முடிவு செய்கிறோம்.

கடைசியாக ஒன்று. விடியும் முன்னால் கிளம்பினால் டிபன் கடை திறந்திருக்காது. தட்டுவடையும் முறுக்கும் கட்டிக்கொண்டு போகலாமா?

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா:

தட்டுவடை வேண்டாம், வாய் காய்ந்துபோய் இருக்கிற தண்ணீரையெல்லாம் அதற்கே குடித்துத் தீர்ப்பீர்கள். சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசியா பஞ்சம்? முந்தின நாள் சாயங்காலம் உப்புமாவாகக் கிளறி, தேங்காய் போடாமல், நன்றாக ஆறவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், காலையில் முதல் வேலையாகத் தின்றுவிடுங்கள். கூட ஆளுக்கு நாலு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். மாம்பழம் கொண்டுபோகிற ஆசை வரும், பைக்குள் நசுங்கிவிடும்.

தங்கச்சிமடத்து ஆள்:

தண்ணீரை மட்டும் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள் அண்ணே, சில இடங்களில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், லீவு கிடைத்தால் நானும் வருகிறேன், எங்கள் வீட்டிலேயே மதியம் படுத்துக்கொள்ளலாம், லாட்ஜ் காசு மிச்சம்.