எஸ்டீம் பின்னாடி வேற கார் ஸ்வே பார்: இடப்பக்கம் திரும்பினா மூக்கு தள்ளுது, வலப்பக்கம் திரும்பினா வால் வீசுது. உதவி தேவை

உச்சிப்புளி எஸ்டீம்

வணக்கம் அண்ணன்மாரே. என் வண்டி 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம், 175/70 டயர், 13 இன்ச் வீல். ஆட்டோகிராஸுக்குத்தான் (கோன் வச்ச பாதையில நேரம் பார்த்து ஓட்டுற போட்டி) தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். கோனைச் சுத்தும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் மூக்கு வெளியவே போய்க்கிட்டிருந்துச்சு. பின்னாடி ஸ்வே பார் (திருப்பத்துல வண்டி சாயுறதைக் குறைக்க ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) கிடையாது. புதுப்பேட்டையில வேற கம்பெனி செடான்ல இருந்து கழட்டின பின் பார் ஒண்ணு கிடைச்சது, 19 எம்எம். வாங்கிட்டு வந்து இங்கேயே பட்டறையில பிராக்கெட் அடிச்சு மாட்டிட்டேன். பார் முனையைச் சக்கரப் பக்கம் இணைக்கிற லிங்க் ராடு ரெண்டும் அளவெடுத்து லேத்துல போட்டது. நீளம் கூட்டிக் குறைக்க முடியாது.

பொட்டல்ல ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் திரும்பினா வால் படக்குன்னு வெளிய வருது. இடப்பக்கம் திரும்பினா பார் போடாத மாதிரியே மூக்கு தள்ளுது. அதோட பின்னாடி இருந்து 'டக்'னு ஒரு சத்தம், திருப்பத்துக்கு ஒரு தடவை. 19 அதிகமாப் போச்சா? இல்ல 22 போட்டா ரெண்டு பக்கமும் சரியாயிருமா? இன்னும் மூணு வாரத்துல ஈவென்ட் இருக்கு.

கீழக்கரை காக்கா

தம்பி, 22-ஐ மறந்துருங்க. பாரோட விறைப்பு தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும். 19-ல இருந்து 22-க்குப் போனா, கை (பாரோட முனையில வளைஞ்சு நிக்கிற பகுதி) நீளமும் வளைவும் ஒண்ணாவே இருந்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடும். மூணு எம்எம் தானேன்னு தோணும், ஆனா ஓட்டும்போது வேற வண்டி மாதிரி இருக்கும். 16-க்கு இறங்கினா 19-ல பாதிதான். கையோட நீளமும் கணக்குல வரும். லிங்க் ஓட்டையை 250 எம்எம்ல இருந்து 220-க்கு உள்ள தள்ளினா சுமார் 30 சதவீதம் விறைப்பு ஏறிரும்.

உங்க பிரச்சினை தடிமன் இல்லை. தடிமன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டியிருக்கும். ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் வேறொண்ணுன்னா, நேரா நிக்கும்போதே பார் முறுக்கேறி நிக்குதுன்னு அர்த்தம். எப்படி அளவெடுத்தீங்க? ஜாக்கி எங்க போட்டீங்க?

தொண்டி லேத்

சூடு பண்ணி பாரையே கொஞ்சம் வளைச்சு விட்டா லிங்க் நேரா வந்திரும்ல? நம்ம பக்கம் விசைப்படகுக்கு ஷாஃப்ட் கடையுற பட்டறையில கேஸ் வச்சு நிமித்திக் குடுப்பாங்க. இல்லன்னா அந்த எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட்லயே புதுசா ஒரு பார் போட்டுரலாம், துருவும் பிடிக்காது.

கீழக்கரை காக்கா

ரெண்டும் வேண்டாம் தம்பி. பார் ஸ்பிரிங் ஸ்டீல். கேஸ் வச்சா அந்த இடத்துல டெம்பர் (சூடேத்திப் பதப்படுத்தின உறுதி) போயிரும், அப்புறம் அங்கதான் வளையும், இல்ல உடையும். படகு ஷாஃப்ட் எஸ்எஸ்ஸோட விறைப்பு ஸ்டீலுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அது பிரச்சினை இல்லை. முறுக்கிட்டு விட்டா ஸ்பிரிங் ஸ்டீல் மாதிரி பழைய இடத்துக்குத் திரும்பாது, கோணலாவே நின்னுரும். கடலுக்கு அருமையான சாமான், இந்த வேலைக்கு அது இல்லை.

உச்சிப்புளி எஸ்டீம்

காக்கா, நீங்க கேட்டதும்தான் உறைச்சது. ஜாக்கி இடப்பக்கம் மட்டும் போட்டு, சக்கரம் தொங்கும்போது அந்தப் பக்க லிங்க் அளவெடுத்தேன். வலப்பக்கம் தரையில நிக்கும்போதே எடுத்தது.

கீழக்கரை காக்கா

அப்ப விஷயம் அதுதான். சக்கரம் தொங்கினா லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோட இணைக்கிற கீழ்க் கை) கீழ இறங்கிரும், அந்த இடைவெளிக்கு வெட்டின இடது லிங்க் நீளமாயிருச்சு. வண்டி தரையில நிக்கும்போது அது இடது பின் சக்கரத்தைக் கீழ அமுக்கும், வலதுல சுமையைக் குறைக்கும். குறுக்கால பார்த்தா வலது முன் சக்கரத்துலயும் சுமை ஏறும். அப்படி நிக்கிற வண்டி இடப்பக்கம் மூக்கு தள்ளும், வலப்பக்கம் வால் வீசும். நீங்க சொன்னது அப்படியே.

உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. சமதரையில நாலு சக்கரமும் நிக்கட்டும். டிரைவர் சீட்ல உங்க எடைக்கு ஒரு ஆளை உக்கார வைங்க, இல்ல மூட்டை வைங்க. பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு வண்டியை அடங்க விடுங்க. ஒரு பக்க லிங்க் போல்ட்டைக் கழட்டுங்க. விரலால தள்ளினா போய் உக்காரணும். சுத்தியலைத் தேடினீங்கன்னா பார் முறுக்கிக்கிட்டிருக்கு. அந்த லிங்கைத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு முனையில வலது மரை, மறுமுனையில இடது மரை வச்ச ராட் எண்ட் (முனையில உருண்டை மூட்டு இருக்குற) லிங்க் போடுங்க. திருகினாலே நீளம் மாறும். போல்ட் கையால நுழையிற நீளத்துல லாக் நட்டு.

கோவை கோன்

சத்தத்தைப் பத்தி நான் சொல்றேன், எனக்கும் இதே வந்துச்சு. வேற வண்டி பார்ல, பக்கவாட்டுல நகராம இருக்க புஷ்ஷுக்கு (பாரை பிராக்கெட்ல பிடிக்கிற ரப்பர்) ஒட்டி ஒரு காலர் (வளையம்) இருக்கும். அது அந்த வண்டியோட பிராக்கெட் இடைவெளிக்குப் போட்டது. நம்ம பிராக்கெட் வேற இடத்துல இருந்தா காலர் சும்மா நிக்கும். திருப்பத்துல பார் மொத்தமா ஒரு பக்கம் வழுக்கிப் போய் இடிக்கும். அந்த புஷ் (டி வடிவம், டி புஷ்னு சொல்வாங்க) ரெண்டு ஓரத்துலயும் பார் மேல நெயில் பாலிஷ்ல கோடு போட்டு ரெண்டு ரவுண்டு ஓட்டுங்க. கோடு நகர்ந்திருந்தா சத்தம் அங்கேருந்துதான்.

நகர்ந்திருந்தா பாரை வெல்டு பண்ணாதீங்க. ரெண்டு துண்டா இறுக்குற கிளாம்ப் காலர் வாங்கி புஷ்ஷுக்கு உள்பக்கமா போடுங்க. சக்கரம் தொங்கும்போது பார் பிரேக் ஹோஸையோ ஹேண்ட்பிரேக் கேபிளையோ தொடுதான்னும் பாருங்க. ஹோஸ் தேஞ்சா நேரா உயிருக்கே வந்திரும்.

இன்னொண்ணு, வேற மாடல் பார்ட் போட்டா வண்டியோட கிளாஸ் (போட்டிப் பிரிவு) மாறலாம். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு) விதிமுறையில உங்க கிளாஸுக்கு என்ன இருக்குன்னு நடத்துறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுருங்க.

உச்சிப்புளி எஸ்டீம்

முடிச்சுட்டேன் அண்ணே. போல்ட் விரலுக்கு அசையவே இல்லை, சுத்தியல் வச்சுத்தான் தட்டி எடுத்தேன். வெளிய வந்ததும் பார் முனை 'டொங்'னு எகிறிருச்சு. இடது லிங்க் 14 எம்எம் நீளம். நெயில் பாலிஷ் கோடும் ஒரு பக்கம் 6 எம்எம் நகர்ந்திருந்துச்சு. டி புஷ்ஷைக் கழட்டினா உள்ள கடல் மண்ணும் உப்பும் சேர்ந்து பேஸ்ட் மாதிரி அப்பியிருக்கு. மாட்டி ஒன்றரை மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள பார்ல துரு புள்ளி புள்ளியா வந்துருச்சு.

லிங்க் மாத்தி, காலர் போட்டு நேத்து சாயந்திரம் ஓட்டினேன். சத்தம் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புது, மூக்கு கோன் பக்கமா வருது. உள்பக்க பின் சக்கரம் லேசா தூக்குதுன்னு தம்பி வீடியோ எடுத்துக் காட்டினான். அது பரவாயில்லையா? ஆக்ஸிலேட்டரை டக்குனு விட்டா மட்டும் வால் இன்னும் கொஞ்சம் வருது.

கீழக்கரை காக்கா

முன் சக்கரம் இழுக்குற வண்டிக்கு உள் பின் சக்கரம் லேசா தூக்குறது தப்பில்லை. அது முழுசா எழும்பிட்டா அதுக்கு மேல பார் மாத்திவிட சுமையே இருக்காது. திருப்பத்துக்கு நடுவுல காலை எடுக்காதீங்க, பிரேக்கை நேர்ல முடிச்சுட்டு ஆக்ஸிலேட்டரை லேசா பிடிச்சுக்கிட்டே போங்க. செம்மண் தரையில ஓட்டினா ஒரு லிங்கைக் கழட்டி முனையைக் கட்டி வச்சிருங்க. பிடிமானம் இல்லாத தரையில பின்பக்கம் மென்மையா இருக்குறதுதான் நல்லது. ஐப்பசி மழையில பாம்பன் பாலம் ஏறுறதா இருந்தாலும் அதையே பண்ணுங்க, ரோட்டுல இந்த பார் தேவையில்லை.

துருவை அப்படியே விடாதீங்க. அந்தப் புள்ளியிலதான் பார் முதல்ல விரிசல் விடும். கிரைண்டர் வைக்காம எமரித் தாள்ல நீளவாட்டுல தேச்சு, பிரைமர் அடிங்க. புஷ்ஷுக்குள்ள சிலிக்கான் கிரீஸ். மண்டபம், உச்சிப்புளி காத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டிக் கழுவணும். விரிசல் தெரிஞ்சா அந்த பாரை ஓரமா வச்சிருங்க.

உச்சிப்புளி எஸ்டீம்

சரி காக்கா, இன்னைக்கே தேச்சுருறேன். 16 எம்எம் ஒண்ணும் தேடணும். புதுப்பேட்டைப் பக்கம் யாராச்சும் போனா சொல்லுங்க.

கோவை கோன்

போறவங்க வெர்னியர் எடுத்துட்டுப் போங்க. பெயிண்ட்டைச் சுரண்டிட்டு அளங்க, மேல மூணு கோட் அடிச்சு வச்சிருப்பாங்க. ஓட்டைக்கு ஓட்டை தூரத்தையும் அளந்து எழுதிக்கங்க. எஸ்டீம்காரர் வண்டிக்கு எவ்வளவு வேணும்னு முதல்ல அவர் இங்க போடட்டும்.

உச்சிப்புளி எஸ்டீம்

ஓட்டைக்கு ஓட்டை எனக்கு வேண்டியது 1020 எம்எம் அண்ணே. இப்ப இருக்குறது 1060, அதான் லிங்க் சாய்ஞ்சு நிக்குது.