காரணம் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஹார்ட் டிஸ்க்: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

வடசேரி சர்வீஸ்:

"சிஸ்டம் இழுக்குது, லைட்டு மட்டும் நிக்காம மின்னிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வரும் மெஷின்களில் என்ன பார்த்தீர்கள், எதைச் செய்ததும் சரியானது என்று எழுதுங்கள். ஃபார்மேட் அடித்தேன், சரியாயிற்று என்று மட்டும் போட வேண்டாம். காரணம் தெரிந்தால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

முதலில் நான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் 100% என்று நிற்பதைப் பார்த்ததுமே டிஸ்க் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த 100% வேகக் கணக்கு இல்லை. டிஸ்க்குக்குச் சும்மா இருக்க நேரமே கிடைக்கவில்லை என்றுதான் அது சொல்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்தால் இன்னும் இரண்டு எண் தெரியும்: ரீட், ரைட் வேகம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம். மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

100%, வேகம் 80 அல்லது 100 எம்பி என்றால் பெரிய ஃபைல் ஏதோ நகர்கிறது. டிஸ்க் நலமாக இருக்கிறது, முடியும்வரை விடுங்கள்.

100%, வேகம் ஒன்றிரண்டு எம்பி, ரெஸ்பான்ஸ் 30 முதல் 100 மில்லிசெகண்ட் என்றால் சின்னச் சின்னத் துண்டுகளாக வேலை குவிந்திருக்கிறது. 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) லேப்டாப் டிஸ்க்கில் தட்டு அரைச்சுற்று வரவே ஏறக்குறைய 5.6 மில்லிசெகண்ட், தட்டை வாசிக்கும் ஹெட் இடம் மாற இன்னொரு 12 போல. ஆக நொடிக்கு அறுபது எழுபது வேலைக்கு மேல் முடியாது. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 300 கேபி கூட வராது. டிஸ்க்கில் கோளாறே இல்லாமல் மெஷின் நகராமல் நிற்பது இதனால்தான். யார் வேலை கொடுக்கிறார்கள் என்று தேடுங்கள்.

100%, வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், ரெஸ்பான்ஸ் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்றால் டிஸ்க், கேபிள், கரண்ட் மூன்றில் ஒன்று. இந்த ரகத்தில் வேறு எதையும் தொடாமல் முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.

யார் என்று கண்டுபிடிக்க, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் தேடித் திறந்து, டிஸ்க் பக்கத்தில் 'டிஸ்க் ஆக்டிவிட்டி' பட்டியலை 'டோட்டல்' பத்தியால் வரிசைப்படுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் புரோகிராமின் பெயரோடு நின்றுவிடும். இது எந்த ஃபைல் என்றே காட்டும். பாதி வழக்கு அந்த ஃபைல் பெயரிலேயே முடிந்துவிடும்.

தக்கலை:

அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது ரகம்தான் இங்க அதிகம் வருது. அதிலயும் பெரும்பங்கு ரேம் பத்தாத மெஷின். 2011ல தொடங்கின அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்துல வந்த பழைய மெஷின்கள் இன்னும் வீடுகள்ல ஓடுது. 2 ஜிபி ரேம்ல யாராவது விண்டோஸ் 10 ஏத்தி வச்சிருப்பாங்க. டெஸ்க்டாப் வர்றதுக்குள்ள ரேம் பாதிக்கு மேல போயிரும். குரோம்ல நாலு டேப் திறந்தா மிச்சமும் காலி. அப்புறம் ரேம்ல இருக்கிறதை டிஸ்க்ல உள்ள பேஜ்ஃபைலுக்குத் தள்ளுறதும் திரும்ப எடுக்கிறதுமா விண்டோஸ் அல்லாடும்.

உறுதிப்படுத்த, ரிசோர்ஸ் மானிட்டர்ல மெமரி பக்கம் போங்க. 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (ரேம்ல இல்லாததை டிஸ்க்ல இருந்து எடுத்த எண்ணிக்கை) வரைபடம் நிமிஷக்கணக்கா நூத்துக்கணக்கில நின்னு, டிஸ்க் பக்கத்துல பேஜ்ஃபைல் டாட் சிஸ் மேலயே நின்னா அதுதான் காரணம். ஒரு புரோகிராம் திறக்கும்போது ஒருதடவை ஏறி இறங்குறது சகஜம், அதைக் கணக்குல எடுக்காதீங்க.

பேஜ்ஃபைலை ஆஃப் பண்ணினா வேகம் வரும்னு சிலர் செய்றாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. ரேம் நிறைஞ்சதும் புரோகிராம் அப்படியே மூடிக்கும், சேவ் பண்ணாததெல்லாம் போயிரும்.

ரேம் வாங்கும்போது வோல்ட்டேஜ் பாருங்க. டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். 1.35 மட்டும் எடுக்கிற போர்டுல 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டா டிஸ்ப்ளே வராது, இல்லன்னா நடுவுல ஹேங் ஆகும். ஸ்டிக்கர்ல பிசி3எல்னு இருந்தா 1.35. அது பொதுவா ரெண்டு வோல்ட்டேஜ்லயும் ஓடும், சந்தேகம்னா அதையே வாங்கிருங்க.

மார்த்தாண்டம்:

இன்னொரு ரகம் இருக்கு, அதில எந்தக் கோளாறும் கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும் திறக்கிற கிறிஸ்தவ ஆலயத்துப் பங்கு அலுவலகம், மாசக் கூட்டத்துக்கு மட்டும் ஆன் பண்ற சங்கத்துக் கம்ப்யூட்டர். விண்டோஸோட ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ் ராத்திரி 2 மணிக்குன்னு வச்சிருக்கு. அந்நேரம் மெஷின் ஆஃப்ல இருந்தா, அடுத்த தடவை ஆன் பண்ணி சும்மா இருக்கிற நேரம் பாத்து ஓடும். அதோட அப்டேட், டிஃபெண்டர் ஸ்கேன், சர்ச் இண்டெக்ஸ் எல்லாம் பாக்கி நிக்கும். அரைமணி நேர வேலைக்குத் திறந்தவங்க பொறுக்க முடியாம பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணுவாங்க. அப்டேட் பாதியில நின்னு, அடுத்த வாரம் மறுபடி முதல்ல இருந்து. இது வருஷக்கணக்கா நடக்கிற மெஷின்கள் உண்டு.

டாஸ்க் மேனேஜர்ல விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள், சர்ச் இண்டெக்சர் மூணும் மாறி மாறி மேல வந்தா, ஸ்லீப் போகாம செட் பண்ணி, நெட் கொடுத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்ருங்க. லேப்டாப்னா சார்ஜரோட. காலையில ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி அப்டேட் தேடச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லன்னு வர்றவரைக்கும் விடாதீங்க.

தினமும் ஓடுற மெஷின்லயும் இதே பேர்கள் நின்னா வேற கதை. இ-சேவை மையங்கள்ல ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் ஒரே ஃபோல்டர்ல குவிஞ்சு கிடக்கும். இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்ல மாடிஃபை போயி அந்த ஃபோல்டரை எடுத்து விடுங்க. பில்லிங் டேட்டா ஃபோல்டரை டிஃபெண்டர் எக்ஸ்க்ளூஷன்ல சேக்கலாம், டவுன்லோட்ஸை ஒருநாளும் சேக்கக்கூடாது. காலாவதியான ஆன்டிவைரஸ் ஒண்ணு உள்ள கிடந்தா, அந்தக் கம்பெனியோட ரிமூவல் டூல் வச்சே எடுங்க. சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணினா டிரைவர் மிச்சம் இருந்துரும்.

அடிக்கடி திறக்கிற புரோகிராமை முன்கூட்டியே ரேம்ல ஏத்தி வைக்கிற சிஸ்மெயின் சர்வீஸைப் பார்த்த உடனே டிசேபிள் பண்ணாதீங்க. ஸ்டாப் மட்டும் கொடுத்து அஞ்சு நிமிஷம் பாருங்க. டிஸ்க் இறங்கினா டிசேபிள், இறங்கலன்னா திரும்ப ஸ்டார்ட்.

குளச்சல்:

நீங்க எல்லாம் விண்டோஸ்ல தேடுறீங்க, கடலோரத்துல இருந்து வர்றதை முதல்ல மூடியைத் திறந்து பாக்கணும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் ஜன்னலோரம் வச்ச டெஸ்க்டாப்னா டிஸ்க்குக்குக் கேபிள் மாட்டுற சாட்டா கனெக்டர்லயே பச்சை பூத்திருக்கும். நமக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் உண்டு, ஈரம் காயுறதுக்குள்ள அடுத்தது வந்துரும். உப்பு படிஞ்ச தூசி அந்த ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும்.

டிஸ்க்கோட நலத்தைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போட்டுப் பாருங்க. அதுல ரா வேல்யூ ஹெக்ஸ்ல காட்டும், ஃபங்க்ஷன் மெனுவுக்குள்ள அட்வான்ஸ்டு ஃபீச்சர்ல டெசிமலுக்கு மாத்திக்கிடுங்க. பாக்க வேண்டியது நாலு. 05 மாத்தி வச்ச செக்டர் (தட்டுல டேட்டா எழுதுற சின்னத் துண்டு). சி5 வாசிக்க முடியாம காத்திருக்கிற செக்டர். சி6 கைவிட்ட செக்டர். சி7 சிஆர்சி பிழை, அதாவது கேபிள் வழியில டேட்டா சிதைஞ்சு வந்தது. சி5, சி6ல எண் இருந்தா தட்டிலயே கோளாறு. அந்த ரெண்டும் பூஜ்யம், சி7 மட்டும் ஏறியிருந்தா டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. சி7 குறையவே குறையாது. அதனால இப்ப உள்ள எண்ணை எழுதி வச்சு, கேபிளை மாத்தி, பெரிய ஃபைல் ஒண்ணைக் காப்பி அடிச்சு, எண் ஏறுதான்னு பாருங்க. ஏறலன்னா வேலை முடிஞ்சது.

கேபிள் புதுசு, வேற போர்ட், அப்பவும் டிஸ்க் இடையிடையே காணாம போகுதுன்னா, டேட்டா காப்பி இருக்கிற டிஸ்க்கா இருந்தா மட்டும் இதைச் செய்ங்க. அடியில உள்ள பச்சை போர்டை டார்க்ஸ் டி6 இல்ல டி8 ஸ்க்ரூ டிரைவர்ல கழட்டித் திருப்புங்க. மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் போற தொடுபட்டைகள் வெள்ளி மாதிரி பளிச்சுன்னு இருக்கணும். கருத்துப் போயி, திட்டுத்திட்டா இருந்தா அதுதான் காரணம். பென்சில் ரப்பர் வச்சு ஒரே திசையில மெல்லத் தேச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லாக் காஞ்ச பிறகு மாட்டுங்க. உப்புத்தாள் போடக்கூடாது, பூச்சு போயிரும். டிஸ்க்கோட மேல்மூடியைத் தொடவே கூடாது. அதே மாடல் டிஸ்க்கில இருந்து போர்டை மாத்திப் போட்டா ஓடும்னு நினைக்கிறவங்களுக்கு: அந்த டிஸ்க்குக்குரிய அளவுகள் பழைய போர்டுல உள்ள எட்டுக்கால் ரோம் (ROM) சிப்ல இருக்கும். அதையும் எடுத்து ஒட்டாம பெரும்பாலும் ஓடாது.

கருங்கல்:

அண்ணே, சி5 40ன்னு காட்டுது. செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டா சரியாகுமா?

வடசேரி சர்வீஸ்:

போடாதீங்க தம்பி. ஸ்லாஷ் ஆர் டிஸ்க் முழுக்க ஒவ்வொரு செக்டராக வாசிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடும். தேவையான ஃபோல்டர்களை முதலில் காப்பி எடுங்கள். விண்டோஸில் காப்பி நின்று நின்று போனால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பழுதான டிஸ்க்கை வேறு டிரைவுக்குப் படியெடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் 'என்' ஆப்ஷன் கொடுத்தால் கெட்ட இடங்களில் மல்லுக்கட்டாமல் நல்லதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். இரண்டாம் ஓட்டத்தில் 'டி', 'ஆர்3' கொடுத்து மிச்சத்தை மும்முறை முயலச் சொல்லுங்கள். எதுவரை எடுத்தது என்று அது குறித்து வைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது டிரைவில் வையுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த டிரைவ் மூலம், எந்த டிரைவ் புதியது என்று சீரியல் நம்பர் பார்த்து உறுதி செய்த பிறகே என்டர். மாற்றிக் கொடுத்தால் உள்ள டேட்டாவும் அழிந்துவிடும்.

தோவாளை:

வடசேரி சொன்ன மூன்றாவது ரகத்தில் (வேகம் பூஜ்யம், ரெஸ்பான்ஸ் ஆயிரக்கணக்கில்) டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருந்தால் பவர் சப்ளையைச் சோதியுங்கள். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 7, 51, 129, 153 ஆகிய எண்களை வடிகட்டுங்கள். 7 என்றால் பேட் பிளாக். 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் ரீசெட் கொடுத்திருக்கிறது. 153 என்றால் ஒரு வேலையைத் திரும்ப அனுப்பியிருக்கிறது. 7 ஒன்றுகூட இல்லாமல் 129 மட்டும் குவிந்திருந்தால் மல்ட்டிமீட்டரை எடுங்கள்.

டெஸ்க்டாப்பில் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பில் ஒரு முனை. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மெஷின் சும்மா இருக்கும்போது அளந்தால் சரியாகத்தான் காட்டும். பெரிய ஃபைல் காப்பி ஓடும்போது அளங்கள். மஞ்சள் 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றுங்கள். மதர்போர்டில் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

செட்டிகுளம் ஸ்டூடியோ:

கல்யாண ஆல்பம், வீடியோ வைக்க வாங்குற 1 டிபி, 2 டிபி 2.5 இஞ்ச் டிஸ்க்குகள்ல பெரும்பாலானவை எஸ்எம்ஆர் ரகம். தடங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கிறதால, ஓரிடத்துல திருத்தி எழுதணும்னா பக்கத்துல உள்ளதையும் சேத்துத் திரும்ப எழுதணும். முதல் சில பத்து ஜிபி நல்ல வேகத்துல போகும், அப்புறம் திடீர்னு 10 எம்பிக்கும் கீழ விழும். காப்பி முடிஞ்ச பிறகும் டிஸ்க் தானா ஓடும். உள்ள அடுக்கி வைக்குது, பழுதில்ல. அந்த நேரம் பிடுங்காம கரண்ட்ல விட்டு வைங்க. பேக்கப் வைக்க இது போதும். எடிட்டிங் புராஜெக்ட், கேட்லாக், கேஷ் எதையும் இதுல வைக்காதீங்க.

குலசேகரம்:

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டும் 100% நின்ற மெஷின்கள் உண்டு. முதலில் பயாஸில் (விண்டோஸ் ஏறுமுன் வரும் செட்டிங்) சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, பழைய ஐடிஇயில் இருக்கிறதா பாருங்கள். நேரடியாக புதிய முறையான ஏஎச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத்திரை வரலாம். எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸ் போய் ஏஎச்சிஐ மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிய பிறகு டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஏற்கனவே ஏஎச்சிஐ, எந்தப் புரோகிராமும் டிஸ்க்கைத் தொடவில்லை, ஆனாலும் விண்டோஸ் 10ல் 100%, வேகம் 0 என்றால் மைக்ரோசாஃப்டே எழுதி வைத்த ஒரு காரணம் உண்டு. சில கண்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரில் உள்ள பிழையால், எம்எஸ்ஐ முறையில் இன்டரப்ட் (வேலை முடிந்தது என்று கண்ட்ரோலர் கொடுக்கும் சிக்னல்) சரியாக முடிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ஏஎச்சிஐ கண்ட்ரோலரின் டிரைவர் டீடெயில்ஸில் ஸ்டோர்ஏஎச்சிஐ டாட் சிஸ் இருந்தால் மட்டும் இது பொருந்தும். டீடெயில்ஸ் பக்கத்தில் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்தைக் குறித்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட் கண்ட்ரோல் செட், ஈனம் (Enum) வழியே அதே பாதைக்குள் போங்கள். டிவைஸ் பாராமீட்டர்ஸ், இன்டரப்ட் மேனேஜ்மென்ட் என்று இறங்கினால் மெசேஜ் சிக்னல்டு இன்டரப்ட் புராப்பர்ட்டீஸ் வரும். அதில் எம்எஸ்ஐ சப்போர்ட்டட் என்பதை 1லிருந்து 0 ஆக்கி ரீஸ்டார்ட். தொடுவதற்கு முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம்:

ஒண்ணு விட்டுப்போச்சு, இது அவசரம். ரிசோர்ஸ் மானிட்டர்ல பேர் தெரியாத ஒரு புரோகிராம் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், பில்லிங் ஃபோல்டர்னு வரிசையா எல்லா ஃபைலையும் வாசிச்சு எழுதிக்கிட்டுப் போச்சுன்னா, ஃபைல் பேர் வால்ல புது எழுத்து ஒட்டியிருந்துச்சுன்னா, அது ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற ரான்சம்வேரா இருக்கலாம், காரணம் தேடிக்கிட்டு உக்காராதீங்க. நெட் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணைங்க, மாட்டியிருக்கிற பென்டிரைவ், வெளி டிஸ்க் எல்லாத்தையும் கழட்டுங்க. பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு மெஷினை நிறுத்துங்க. ஷட்டவுன் கொடுத்துக் காத்திருந்தா அந்த நேரத்துக்குள்ள இன்னும் எத்தனையோ ஃபைல் போயிரும். அந்த டிஸ்க்கைக் கழட்டி, லினக்ஸ் ஏத்தின வேற மெஷின்ல மாட்டித்தான் மிச்சம் உள்ளதை எடுக்கணும். அதே விண்டோஸைத் திரும்ப பூட் பண்ணிராதீங்க.