ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 52, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இவருக்கு மட்டும் கழுத்திலிருந்து வியர்வை வழிகிறது. தூக்கமும் போச்சு. டாக்டர் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை தரலாம் என்கிறார். கேட்டதும் சின்னம்மா, "மார்பகப் புற்றுநோய் வரும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வை இதனால்தான் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால், இரண்டும் சேர்ந்த மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்குக் கூடுதலாக 8 பேருக்கு வந்திருக்கிறது. கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டபோது அப்படிக் கூடவில்லை. (அக்காவுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, அதனால் இரண்டும் வேண்டும்.) வருடம் கூடக்கூட ஆபத்தும் கூடுமாம். 8 என்பது எனக்குச் சின்ன எண். சின்னம்மாவுக்கு அந்த எட்டில் ஒருத்தி நம் வீட்டுப் பெண்.

இங்கே எடுத்தவர்களிடம் எத்தனை வருடத்தில் நிறுத்தச் சொன்னார்கள்? தோலில் ஒட்டும் பட்டை, பூசும் ஜெல் என்றால் மாதச் செலவு என்ன? 50 வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்பதை உங்களுக்கு அடிக்கடி ஆக்கினார்களா? அப்புறம், பாட்டிக்கு மார்பில் கட்டி இருந்ததாக வீட்டில் பேச்சு. அது புற்றா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. இப்படி இருந்தவர்கள் டாக்டரிடம் எப்படிப் பேசினீர்கள்?

அடுத்த வாரம் மறுபடி டாக்டரைப் பார்க்கிறோம். வெந்தய வைத்தியம் மட்டும் வேண்டாம், எல்லாம் பார்த்தாச்சு.