பிள்ளைக்கு பிளேட்லெட் கூடியிருக்கு என்றார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை அம்மா:
டெங்கு புண்ணியத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு குறைந்தால் பயப்பட எல்லோருக்கும் தெரியும். என் ஒன்றரை வயது மகளுக்குக் கூடியிருந்தது. சளிக்காய்ச்சல் விட்ட பிறகு எடுத்த சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 7,60,000. நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டியது. வீட்டுக்காரர் ராத்திரியே போனில் தேடி ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டார். காலையில் டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. "சுவரைச் சுரண்டித் தின்கிறாளா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. தின்கிறாள்தான்! காய்ச்சலும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்து ஏற்றிவிட்டதாம். டானிக் கொடுக்கக் கொடுக்க இறங்கிவிட்டது.

திருச்சிக்காரன்:
"இறங்கிவிட்டது" என்பதை மட்டும் படித்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். என் பையனுக்குக் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் விடவில்லை. கண் சிவப்பு, உதட்டில் வெடிப்பு. கவாசாகி, அதாவது சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய் என்று சொல்லி, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அடுத்த வாரம் துண்டால் கை துடைத்துவிடும்போது நக ஓரத்துத் தோல் அப்படியே உரிந்து துண்டோடு வந்தது. பிளேட்லெட் 9 லட்சம் போனதும் அப்போதுதான். அதற்கு முன்பே பிடித்ததால்தான் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதய ரத்தக்குழாய் வீக்கமில்லாமல் தப்பித்தான்.

மதுரை மாமா:
திருச்சி தம்பி, எல்லோரையும் கவாசாகி என்று பயமுறுத்தாதீங்க. பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். அண்ணன் மகளுக்கு நிமோனியாவில் நெஞ்சில் சீழ் கட்டி 10 லட்சம் தாண்டியது, சீழை எடுத்த பிறகு தானாக இறங்கியது. கதை அவ்வளவுதான். ஆனால் கோவை தங்கச்சி, இரும்பு டானிக்கைப் பாலோடு கொடுக்காதே, உடம்பில் ஒட்டாது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்துக் கொடு. மலம் கறுப்பாகப் போனால் பதறாதே. ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தாதே, டாக்டர் சொல்லும் வரை கொடு. நாள் முழுக்கப் பால் பாட்டிலும் வேண்டாம். அப்புறம், ரத்தம் உறைந்துவிடுமோ என்று யாரும் தாங்களாகவே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூ, அம்மை சமயத்தில் பிள்ளைகளுக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும். கவாசாகிக்கு டாக்டர் கொடுப்பது வேறு.

கோவை அம்மா:
அண்ணா, டானிக் முடிந்து ஆறு மாதம் ஆகிறது 😄

சேலம் அக்கா:
மண்ணீரல் எடுத்த பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே! என் மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, மண்ணீரலை எடுத்த பிறகு எப்போதும் ஏழு, எட்டு லட்சம்தான். புது டாக்டர் யாராவது ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினால் இவனே சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிடுவான். எங்களுக்குப் பயம் பிளேட்லெட் இல்லை, காய்ச்சல்தான்; மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குக் கிருமித் தொற்று சட்டென்று முற்றிவிடும். லேசாகச் சுட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவோம்.