வேனின் இரண்டாவது பேட்டரி: எர்த் பக்கம் வோல்டேஜ் குறைவது குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தங்கிப் பயணிக்க ஏற்றபடி மாற்றியமைத்த என் வேனில், விளக்கு, மின்விசிறி, சிறிய ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கெனத் தனியே வைத்துள்ள 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 12.6 வோல்ட் இருக்கும்போதே, 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கு 11.3 மட்டுமே வந்து சேர்வதால், கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுவிடுகிறது. லோடு இல்லாதபோது இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும் என்பதால், ஃபிரிட்ஜை ஓடவிட்டே மல்டிமீட்டரில் அளந்தேன்.

பாசிட்டிவ் பக்கம் 0.3 வோல்ட் குறைகிறது. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 6 மீட்டர் ஓடுவதால் 0.2 வரை இயல்பே. மீதி ஃபியூஸ் ஹோல்டரில் போகலாம். நெகட்டிவ் பக்கமோ முழுதாக 1 வோல்ட்! நெகட்டிவ் கம்பியை சேஸிஸுடன் (வண்டியின் உலோகச் சட்டம்) இணைக்கும் எர்த் போல்ட் முடுக்கிய இடத்தில், லக்குக்கு (கம்பி முனையில் பொருத்தும் உலோக வளையம்) அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை; கம்பி முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. வண்டி நிற்பது கடலூர் தேவனாம்பட்டினத்தில்; உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அந்த இடத்தைச் சுரண்டிப் புது லக் அடித்தால் போதுமா, அல்லது சேஸிஸை நம்பாமல் 6 சதுர மி.மீ. கம்பியைப் பேட்டரி நெகட்டிவ் வரை தனியாக இழுப்பது நல்லதா? பின்னதே சரியென எனக்குப் படுகிறது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி முதுநகரிலோ புதுச்சேரியிலோ மீட்டர் கணக்கில் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.