34401ஏ மல்டிமீட்டர்: சீரியலில் 550 பிழை

பீளமேடு: பம்ப் மோட்டார் வைண்டிங் ரெசிஸ்டன்ஸை எச்பி 34401ஏ-யிலிருந்து கம்ப்யூட்டரில் ஏத்தணுங்க. ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வழியா, பைத்தான் நிரல்ல. அளக்கச் சொன்னா பீப் அடிச்சு 550 பிழை காட்டுது. ஏனுங்க?

ஈரோடு: மீட்டர் லோக்கல்லயே (முன்பக்க பட்டன்களுக்கு மட்டும் கட்டுப்படற நிலை) நிக்குதுங்க. முதல்ல 'சிஸ்டம் ரிமோட்' கட்டளை அனுப்புங்க; ஒவ்வொரு வரி முடிவிலும் லைன்ஃபீட் எழுத்து வேணும். மோட்டாருக்கு நாலு ஒயர் அளவீடுதான் சரி. ரெண்டு ஒயர்ல லீட் ஒயரோட ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துக்கும், அந்தக் கணக்கை நம்ப முடியாதுங்க.

பீளமேடு: பிழை போச்சுங்க. பதிலே வரல, டைம்அவுட் ஆகுது.

திருப்பூர்: சீரியல் கேபிள் மூணு ஒயர்தானா? டிஎஸ்ஆர் (எதிர்ப்பக்கம் வாங்கத் தயார்ன்னு சொல்ற) சிக்னல் கிடைக்காம இந்த மீட்டர் ஒரு எழுத்தும் அனுப்பாதுங்க. முழு நல்-மோடம் கேபிள் (அனுப்பற, வாங்கற ஒயரும் தயார் சிக்னல் ஒயரும் குறுக்கே மாத்தினது) போடுங்க. அவசரத்துக்கு மீட்டர் பக்கம் 4-ம் பின்னை (டிடிஆர்) இணைக்காம விட்டு, 6-ம் பின்னை (டிஎஸ்ஆர்) எப்பவும் ஆன் நிலையில வெச்சு, வேகத்தை 1200-க்குக் குறைங்க. மீட்டரோட ஃபேக்டரி செட்டிங் வேகம் 9600, 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கற கூடுதல் பிட்), 2 ஸ்டாப் பிட். பைசீரியல் (பைத்தானோட சீரியல் நூலகம்) நாம எதுவும் சொல்லாம விட்டா போர்ட்டை 8 பிட், பாரிட்டி இல்லாமத்தான் திறக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைங்க.