புதுப்பிப்பு: அரசாங்க லாரி ஏலக்குத்தகையில் சிஓஇ விலையைக் காட்டும் முறை

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: டெயில் லிஃப்ட் (சரக்கை ஏற்றி இறக்கும் பின்பக்கத் தூக்கி) வைத்த பெட்டி லாரி ஒன்றுக்கு ஒரு சிங்கப்பூர் அரசாங்க அமைப்பு ஜீபிஸில் (அரசாங்கக் கொள்முதல் இணையத்தளம்) ஏலக்குத்தகை அழைத்திருந்தது (சிஓஇயோடு, அதாவது வண்டியைப் பதிவு செய்ய ஏலத்தில் எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழோடு, 90,000 வெள்ளியைத் தாண்டுவதால் வெறும் கொட்டேஷன் போதாது). மாதம் இரண்டு முறை மாறும் சிஓஇயை விலையில் எப்படிக் காட்டுவது?

சிஓஇயைத் தனி வரியாகப் பிரிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முடிவுத் தேதிக்கு முன்பே விளக்கம் கேட்டதால் விலை அட்டவணையைத் திருத்தினார்கள்: வண்டிக்கு நிலையான விலை, சிஓஇக்கு உச்சவரம்பு, ஏலத்தில் உண்மையில் கிடைத்த சிஓஇ விலைக்கு மட்டும் பில். கடைசி நாளில் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

எதிர்பாராதது எடை. ஸ்டீல் பெட்டியும் டெயில் லிஃப்டும் ஏறினால் சுமையில்லா எடை 2,500 கிலோவைத் தாண்டும் என்று பாடி கட்டுபவர் கணக்குப் போட்டுக் காட்டினார். தாண்டினால் கிளாஸ் 3 உரிமம் செல்லாது, கிளாஸ் 4 ஓட்டுநர் வேண்டும். அந்த அமைப்பின் ஓட்டுநர்களோ கிளாஸ் 3 காரர்கள். அலுமினியப் பெட்டிக்கு மாற்றியதும் எடை அடங்கியது. விலை கூடியது, ஆனால் வேறு வழியில்லை. ஷாசி எடையோடு பெட்டி, லிஃப்ட், அதன் பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை கொடுங்கள்.

இன்னொன்று: சி பிரிவில் (சரக்கு வாகனங்களும் பேருந்துகளும்) ஏலத்தில் கிடைக்கும் தற்காலிக சிஓஇ 3 மாதம்தான் செல்லும். பாடி வேலை முடியும் தறுவாயில் சிஓஇ ஏலம் கேளுங்கள். ஆர்டர் வந்த கையோடு கேட்டால், வேலை இழுத்தடிக்கும்போது பதிவு செய்யுமுன்பே காலாவதியாகிவிடும்.